ஐந்து நிமிட மேடை

1991 டிசம்பரில் அமெரிக்காவின் சான் அன்டோனியோ நகரில் ஹைப்பர்டெக்ஸ்ட் ஆய்வாளர்களின் மாநாடு நடந்தது. வலை என்ற ஒன்றைக் கட்டி ஓடவும் விட்டுவிட்டு, அதைப் பற்றிக் கட்டுரை வாசிக்க இடம் கேட்டு எழுதியிருந்தார் டிம் பெர்னர்ஸ்-லீ. தேர்வுக் குழு கட்டுரையை ஏற்கவில்லை. செய்துகாட்டும் கூடத்தில் மட்டும் இடம் கிடைத்தது. அவரும் சக ஊழியர் ராபர்ட் கையோவும் அங்கே கணினியை வைத்துக்கொண்டு, அந்தப் பக்கம் வந்தவர்களுக்கு இணைப்புகளைச் சொடுக்கிச் சொடுக்கிக் காட்டினார்கள்.

அந்தக் குழுவை இன்று கேலி செய்வது சுலபம். ஆனால் அவர்கள் கையிலிருந்த அளவுகோல்படி அந்த முடிவு அப்படியொன்றும் முட்டாள்தனமல்ல. அன்றைய ஹைப்பர்டெக்ஸ்ட் அமைப்புகள் பலவற்றில் இணைப்பு இரு திசையிலும் வேலை செய்யும்; ஓர் ஆவணத்தை நீக்கினால் அதைச் சுட்டும் இணைப்பு அந்தரத்தில் தொங்காமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடும் இருக்கும். வலையிலோ இணைப்பு ஒருவழிப் பாதை. அறுந்தால் அறுந்ததுதான். துறை வல்லுநர் கண்ணுக்கு அது அரைகுறை வேலையாகத் தெரிந்ததில் வியப்பில்லை. தேர்வுக் குழு என்பது நேற்றுவரை நல்லதென்று தேறியதை வைத்துத்தான் புதிதாக வருவதை எடைபோடும். அதற்கு வேறு படிக்கற்கள் கிடையாது.

குழுவின் கண்ணில் படாமல் மேடைக்கு வர ஒரு சந்து இருக்க வேண்டாமா? நிரலாளர்களின், குறிப்பாக வலை உருவாக்குநர்களின், சமூக மாநாடுகளில் அந்தச் சந்து மின்னல் உரை. சென்னைக் கூட்டங்களில் ‘லைட்னிங் டாக்’ என்றே சொல்வார்கள். ஒருவர், ஒரு விஷயம், ஐந்து நிமிடம். மணி அடித்தால் இறங்கிவிட வேண்டும். கால் நூற்றாண்டாக இது நடந்துவருகிறது. இதனால் உருப்படியாக என்ன கிடைத்தது, எந்த இடத்தில் வெறும் வேடிக்கையானது, இதே பெயரில் உலவும் பல வடிவங்களில் எது தேறும் என்பதைப் பார்க்கலாம்.

பெயர் வைத்தவர்கள் பெர்ல் மொழிக்காரர்கள். 2000 ஜூனில் பிட்ஸ்பர்க்கின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் அவர்கள் நடத்திய மாநாட்டின் பெயரே ஒரு நக்கல்: ‘யாப்சி 19100’. பெர்லில் ஆண்டைக் கேட்டால் 1900ஐக் கழித்த மீதியைத்தான் தரும். அதன் முன்னால் ‘19’ என்று எழுத்தாக ஒட்டி அச்சடித்த சோம்பேறி நிரல்களெல்லாம் புத்தாயிரம் பிறந்ததும் 19100 என்று காட்டித் தொலைத்தன. தங்கள் சறுக்கலையே பெயர்ப் பலகையாக்கிக்கொண்ட அந்தக் கூட்டத்தில், குறும்பேச்சுகளுக்கென்று ஓர் அமர்வை ஒதுக்கி அதற்கு மின்னல் என்று பெயரிட்டவர் மார்க் ஜேசன் டொமினஸ். பைத்தான்காரர்கள் 1997லேயே பெயர் வைக்காமல் இதைச் செய்ததாகச் சொல்வதுண்டு. இருக்கட்டும், பங்காளிச் சண்டையில் நாம் தலையிட வேண்டாம்.

பேசத் தயங்குகிறவர்களுக்கு டொமினஸ் சொன்ன சமாதானங்கள் நடைமுறை அறிந்தவை. முதல்முறை மேடையேறுகிறவருக்கு இது சின்னதாகத் தொடங்க ஒரு வழி. ஸ்லைடு கட்டாயமில்லை, வேண்டுமென்றால் மூன்று போதும். பேச்சு சுவாரசியமில்லாமல் போனாலும் சீக்கிரம் முடிந்துவிடும். கடைசியாகச் சொன்னது வேடிக்கைபோலத் தோன்றினாலும் முழு ஏற்பாடும் நிற்பது அதன் மேல்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள். அரங்கில் 300 பேர் இருக்கிறார்கள். நாற்பது நிமிட உரை ஒன்று சொதப்பினால் மொத்தத்தில் 200 மணி நேரம் வீண். ஐந்து நிமிட உரை சொதப்பினால் 25 மணி நேரம். முதல் இழப்பை எந்த அமைப்பாளராலும் தாங்க முடியாது. அதனால்தான் மாதக்கணக்கில் முன்னதாகச் சுருக்கம் கேட்டு, குழு கூட்டி, மதிப்பெண் போட்டு வடிகட்டுகிறார்கள். இரண்டாவது இழப்பைத் தாங்கலாம். தாங்க முடியும் என்பதால் வடிகட்ட வேண்டியதில்லை. வடிகட்ட வேண்டியதில்லை என்பதால் யார் வேண்டுமானாலும் ஏறலாம்.

மின்னல் உரையைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் சுருக்கத்தின் அழகைப் பற்றியதாகவே இருக்கிறது. என் கருத்து வேறு. சுருக்கம் இங்கே அழகியலே அல்ல, அது நுழைவுச் சீட்டின் விலை. வாசலைத் திறந்து வைப்பதற்காகத்தான் நேரத்தைக் குறைத்தார்கள். வாசலை மூடிவிட்டு நேரத்தை மட்டும் குறைத்தால் மிஞ்சுவது ஒரு குட்டிச் சொற்பொழிவு.

திறந்த வாசலுக்கு எல்லோரும் காட்டும் சான்று டாக்கர். 2013 மார்ச் 15 அன்று கலிஃபோர்னியாவின் சாண்டா கிளாராவில் நடந்த, பைத்தான்காரர்களின் பைகான் மாநாட்டில் சாலமன் ஹைக்ஸ் மேடையேறினார். வலைச் செயலிகளை வாடகைக்கு ஓட்டித்தரும் டாட்கிளவுட் என்ற சிறு நிறுவனம் அவருடையது. லினக்ஸ் கண்டெய்னர்களின் எதிர்காலம் என்பது தலைப்பு. முனையத்தில் கட்டளை ஒன்றைத் தட்டினார். தனிப் பெட்டிக்குள் ஒரு நிரல் ஓடி ‘ஹலோ வேர்ல்ட்’ என்று அச்சிட்டது. ஐந்து நிமிடம் முடிந்தது. சில நாளில் மூல நிரல் டாக்கர் என்ற பெயரில் பொதுவில் வந்தது, அந்த ஆண்டுக்குள் நிறுவனமே டாக்கர் என்று பெயர் மாற்றிக்கொண்டது. இன்று வலைத்தளம் ஒன்றைச் சேவையகத்தில் ஏற்றும் வேலை தெரிந்த எவருக்கும் அந்தப் பெயர் தெரியும்.

இந்தக் கதையை வெற்றிக் கதையாகச் சொல்வதோடு நிறுத்திவிடுகிறார்கள். கவனிக்க வேண்டியது தேதிகளை. அந்த மாநாட்டில் முழுநீள உரைக்கு விண்ணப்பிக்கும் கெடு 2012லேயே முடிந்துவிட்டது. டாக்கர் நிரலின் முதல் வரிகள் களஞ்சியத்தில் ஏறியதோ 2013 ஜனவரியில். தேர்வுக் குழுவில் எவ்வளவு தீர்க்கதரிசிகள் இருந்தாலும் பயனில்லை, தேர்ந்தெடுக்க அப்போது பொருளே இல்லை. வலை உலகில் ஒரு கருவி பிறந்து, பரவி, பழசாவதற்குச் சில ஆண்டுகள் போதும். ஆறு மாதம் முன்பு எழுதிய சுருக்கத்தை மேடையில் விரித்துரைக்கும் முறைக்கு அந்த வேகம் பிடிபடாது. நேற்றிரவு ஓடத் தொடங்கிய ஒன்றை இன்று மாலை காட்ட, மாநாட்டில் இருக்கும் ஒரே இடம் மின்னல் உரை.

இன்னொரு சான்று, எனக்கு இதைவிடப் பிடித்தது. 2012 ஜனவரியில் ஒஹையோ மாநிலத்தின் சாண்டஸ்கியில் நடந்த கோட்மேஷ் மாநாட்டில் கேரி பெர்ன்ஹார்ட் ‘வாட்’ என்ற உரையை நிகழ்த்தினார். நான்கு நிமிடம் சொச்சம். புதிய கருவி எதுவும் அதில் இல்லை. முதலில் ரூபியில் ஒரு சின்ன விசித்திரம்: அறிமுகப்படுத்தாத மாறியைக் கூப்பிட்டால் பிழை என்கிறது, அதே மாறியை அதற்கே சமம் என்று எழுதினால் பேசாமல் ஏற்றுக்கொள்கிறது. பிறகு ஜாவாஸ்கிரிப்ட். வெற்றுப் பட்டியலோடு வெற்றுப் பட்டியலைக் கூட்டுகிறார், அதாவது [] + []. விடை, ஒன்றுமே இல்லாத வெற்று எழுத்துச் சரம். பட்டியலோடு பொருளைக் கூட்டுகிறார், [] + {}. விடை, ‘இது ஒரு பொருள்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லும் ஒரு சரம். இடம் மாற்றி {} + [] என்கிறார். கூட்டலில் இடம் மாறினால் விடை மாறாது என்று நாம் மூன்றாம் வகுப்பில் படித்திருக்கிறோம். இங்கே விடை பூஜ்யம். நடுநடுவே திகைத்த முகங்கள் திரையில் வருகின்றன, அரங்கம் சிரித்துப் புரள்கிறது. கடைசியில் ஒரு சொல்லிலிருந்து எண்ணைக் கழித்து, ‘எண் அல்ல’ என்று ஜாவாஸ்கிரிப்ட் தரும் ‘நேன்’ என்ற விடையை வரிசையாக அடுக்கி, பேட்மேன் தொலைக்காட்சித் தொடரின் முகப்புப் பாடல்போல ஒலிக்க வைத்து முடித்துவிடுகிறார்.

விளக்கம் எதுவும் சொல்லவில்லை. அதில்தான் அந்த உரையின் கெட்டிக்காரத்தனம். ஏன் அப்படி என்பதற்குக் காரணம் உண்டு: கூட்டல் குறி பட்டியலையும் பொருளையும் முதலில் சரமாக மாற்றிப் பார்க்கிறது, வெற்றுப் பட்டியல் சரமானால் வெற்றுச் சரம். வரியின் தொடக்கத்தில் வரும் {} என்பதைப் பொருள் என்று கொள்ளாமல் வெற்று நிரல் தொகுதி என்று எண்ணி ஒதுக்கிவிடுகிறது; மிஞ்சிய கூட்டல் குறி பட்டியலை எண்ணாக மாற்ற, பூஜ்யம் வருகிறது. இதைச் சொல்ல ஆரம்பித்திருந்தால் நாற்பது நிமிடமும் போதாது, ஒருவரும் சிரித்திருக்கவும் மாட்டார்கள். சொல்லாமல் விட்டதால் பார்த்தவர்கள் வீட்டுக்குப் போய்த் தாங்களே மொழி விதிகளைப் புரட்டினார்கள், விளக்கங்களைப் பக்கம் பக்கமாக எழுதினார்கள். குறும்பேச்சு பாடம் நடத்த முடியாது. பாடத்தைத் தேடிப் போகும் அரிப்பை உண்டாக்க முடியும். அந்த உரை ஜாவாஸ்கிரிப்டைக் கேலிப் பொருளாக்கும் ஒரு மனப்பாங்கை வளர்த்துவிட்டது என்பதும் உண்மை. மொழியை ஒழுங்காகக் கற்காமலே அந்த நான்கு நிமிடத்தை ஆதாரமாகக் காட்டி ஏளனம் செய்கிறவர்கள் பெருகினார்கள். அது பேச்சாளர் குற்றமல்ல, ஆனாலும் வடிவத்தின் ஆபத்து.

இந்த வடிவத்துக்குச் சொந்தக்காரர்கள் நிறைய. 2003இல் டோக்கியோவில் அஸ்ட்ரிட் க்ளைனும் மார்க் டைத்தமும் தொடங்கிய பெச்சகுச்சாவில் 20 ஸ்லைடு, ஒவ்வொன்றும் 20 விநாடி, ஆக 6 நிமிடம் 40 விநாடி. இருவரும் கட்டடக் கலைஞர்கள். தங்கள் துறையினர் மைக்கைப் பிடித்தால் விடமாட்டார்கள் என்பதால் கண்ட மருந்து அது. 2006இல் சியாட்டிலில் பிராடி ஃபாரஸ்டும் பிரீ பெட்டிஸும் ஆரம்பித்த இக்னைட்டில் 20 ஸ்லைடு, தலா 15 விநாடி. இரண்டிலும் ஸ்லைடுகள் தாமாகவே நகரும். பார்க்கச் சுவையாக இருக்கும், நிரலாளருக்கு உதவாது. நிரலை ஓட்டிக் காட்டுகிறவர் கையில் இல்லாதது அந்தப் பதினைந்து விநாடிதான்: கட்டளை முடிய எவ்வளவு நேரமாகும் என்று அவருக்கே தெரியாது. ஸ்லைடு காத்திருக்காது என்றால் அவர் செய்துகாட்டுவதை விட்டுவிட்டுப் படம் காட்டத் தொடங்குவார். மேலும், இருபது ஸ்லைடை நொடி பிசகாமல் ஒத்திகை பார்த்துவர வாரக்கணக்கில் உழைக்க வேண்டும். காலையில் தோன்றிய எண்ணத்தை மாலையில் சொல்ல முடியாது.

பிரஸ்ஸல்ஸில் ஆண்டுதோறும் நடக்கும் திறமூல மாநாடான ஃபாஸ்டெமில் மின்னல் உரைக்கு நெடுங்காலம் 15 நிமிடம் தந்தார்கள், முன்கூட்டியே தேர்வு உண்டு. வேர்ட்பிரஸ்காரர்களின் வேர்ட்கேம்ப் மாநாடுகளில் பெரும்பாலும் 10 நிமிடம், அங்கும் தேர்வுதான். இவை பயனுள்ளவை, ஆனால் என் கணக்கில் இவை குறும் உரைகள், மின்னல் உரைகள் அல்ல. விதிவிலக்காகச் சொல்ல வேண்டியது நியூயார்க்கில் 2014இல் தொடங்கி 2024இல் முடிவுக்கு வந்த ‘!!கான்’ மாநாடு. ‘பேங் பேங் கான்’ என்று உச்சரிப்பார்கள். எல்லாமே பத்து நிமிட உரைகளாக இருந்தன, தலைப்பில் ஆச்சரியக்குறி இருந்தே ஆக வேண்டியிருந்தது. தேர்வும் வைத்தார்கள், ஆனால் விண்ணப்பித்தவர் பெயரை மறைத்துவிட்டு. வாசலில் ஆள் நிறுத்தினாலும் முகத்தைப் பார்க்காமல் உள்ளே விடும் முறை அது. பிரபலங்களையே திரும்பத் திரும்ப அழைக்கும் மாநாடுகள் கற்றுக்கொள்ள வேண்டியது.

நடைமுறைக்கு வருவோம். பெர்ல் கூட்டங்களில் நேரம் முடிந்தால் சேகண்டி அடிப்பார்கள். பைத்தான் கூட்டங்கள் சிலவற்றில் அரங்கம் முழுவதும் கைதட்டத் தொடங்கிவிடும்; எப்போது தட்ட வேண்டும் என்று தொகுப்பாளர் முன்பே ஒத்திகையும் வைப்பார். நம் பள்ளிப் பேச்சுப் போட்டியில் நான்காம் நிமிடம் எச்சரிக்கை மணியும் ஐந்தாம் நிமிடம் இறுதி மணியும் அடிப்பதை நினைத்துக்கொள்ளலாம், ஒரு வேறுபாட்டோடு: இங்கே நடுவர் இல்லை, பரிசு இல்லை. கைதட்டலை யாரும் பொய் என்று சொல்ல முடியாது, அவமானம் என்றும் கொள்ள முடியாது. பேசிக்கொண்டிருக்கும்போதே அரங்கம் ஆரவாரித்து வழியனுப்பினால் பேச்சாளர் சிரித்துக்கொண்டுதான் இறங்குவார்.

உண்மையான எதிரி நேரம் தாண்டுகிறவர் அல்ல, கேபிள். ஒருவர் இறங்கி அடுத்தவர் தம் மடிக்கணினியைப் புரொஜெக்டரில் செருகி, அது தெரியாமல், அடாப்டர் யாரிடம் இருக்கிறது என்று கேட்டு, தெரிந்த பின் திரை பாதியாக வெட்டுப்பட்டு, எழுத்து சின்னதாக இருக்கிறது என்று பின்வரிசை கத்தி, பெரிதாக்கி முடிப்பதற்குள் மூன்று நிமிடம் போய்விடும். ஒரு மணி நேரத்தில் பன்னிரண்டு பேர் பேச வேண்டிய இடத்தில் ஏழு பேர் பேசுவார்கள். அனுபவமுள்ள அமைப்பாளர்கள் இரண்டு கேபிள் வைத்திருப்பார்கள்: ஒருவர் பேசும்போதே அடுத்தவர் மற்றதில் செருகித் தயாராக நிற்பார். இல்லையென்றால் ஸ்லைடுகளை முன்கூட்டி வாங்கி ஒரே கணினியில் ஏற்றிவிடுவார்கள். அது சுலபம்தான், ஆனால் செய்துகாட்டல் செத்துவிடும். தொகுப்பாளர் நகைச்சுவை தெரிந்தவராக இருந்தால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. கேபிள் தகராறு நடக்கும்போது அரங்கைக் கட்டிப்போடுகிறவர் அவர்தான்.

பெயர் கொடுக்கும் முறையும் முக்கியம். கூடத்துக்கு வெளியே ஒரு தாளையோ பலகையையோ வைத்து, அன்று காலை வருகிறவர்கள் பெயரும் தலைப்பும் எழுதலாம் என்பதே பழைய வழக்கம். இணையப் படிவமாக்கி ஒரு வாரம் முன்பே திறந்தால் என்ன ஆகும் என்பதைப் பல கூட்டங்களில் பார்க்கலாம்: தயாரிப்பு விற்க வருகிறவரும் ஆளெடுக்க வருகிறவரும் முதல் நாளே இடத்தைப் பிடித்துக்கொள்வார்கள். ‘எங்கள் நிறுவனத்தில் இடம் காலி’ என்று ஐந்து நிமிடம் பேசுவது மின்னல் உரையல்ல, விளம்பர இடைவேளை. கறாராக மறுத்துவிடுவதே நல்லது.

வடிவத்தின் மேல் வைக்கப்படும் குறைகளில் இரண்டை மறுக்க முடியாது. முதலாவது, புதியவருக்கான எளிய தொடக்கம் என்று சொல்லிவிட்டு ஆகப் பெரிய அரங்கில் அவரை ஏற்றுகிறோம். அமெரிக்க பைகானில் மின்னல் உரைகளின்போது வேறு அமர்வு எதுவும் கிடையாது, எல்லோரும் ஒரே கூடத்தில்தான் இருப்பார்கள். டாக்கர் வெளிப்பட்ட அந்த ஆண்டு மாநாட்டுக்கு வந்தவர்கள் சுமார் 2,500 பேர். வாழ்நாளில் முதல் உரையை அத்தனை பேர் முன் நிகழ்த்து என்பது கொஞ்சம் குரூரமும்கூட. உள்ளூர் மாதக் கூட்டங்களில் முப்பது பேர் முன் பழகிவிட்டு வருவதே சரியான வரிசை.

இரண்டாவது குறை பதிவு. முழுநீள உரை ஒவ்வொன்றும் தனிக் காணொளியாக, பேச்சாளர் பெயரோடு ஏறும். மின்னல் உரைகளோ ‘சனிக்கிழமை மாலை’ என்ற பெயரில் ஒரு மணி நேரக் கட்டாக ஏறும். முப்பத்தேழாம் நிமிடத்தில் யார் என்ன பேசினார் என்று எந்தத் தேடுபொறிக்கும் தெரியாது. டாக்கரையும் ‘வாட்’டையும் நாம் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு ஒரு காரணம், இரண்டும் தனித்தனிக் காணொளியாக வெட்டி வைக்கப்பட்டவை. வெட்டப்படாமல் கட்டுக்குள் கிடப்பவற்றில் இவற்றுக்கு இணையானவை இருந்தால் நமக்கு எப்படித் தெரியும்? மின்னல் உரைகளின் வரலாறு என்று நாம் சொல்வதே, யாரோ சிலர் மெனக்கெட்டு வெட்டியவற்றின் வரலாறுதான்.

நம் பக்கம் இது புதிதல்ல. சென்னை லினக்ஸ் பயனர் குழுவின் மாதக் கூட்டங்கள் கிண்டி ஐ.ஐ.டி. வளாகத்தில் நடந்த காலத்திலிருந்தே, யார் வேண்டுமானாலும் எழுந்து ஒன்றைக் காட்டலாம் என்ற பழக்கம் உண்டு. பைத்தான் பயனர் குழுவான சென்னைப்பையின் கூட்டங்களிலும் மின்னல் உரைக்கு இடம் இருக்கிறது. 2009இல் பெங்களூரில் தொடங்கிய பைகான் இந்தியா 2019இல் சென்னை வர்த்தக மையத்துக்கு வந்தது. ஆனால் இங்கே வாசலில் இன்னொரு படி இருக்கிறது, மொழி. நாற்பது நிமிட உரையில் ஆங்கிலம் திக்கினாலும் சமாளித்துக்கொள்ள நேரமிருக்கும். ஐந்து நிமிடத்தில் ஒரு வாக்கியத்துக்குத் திணறினாலே அரை நிமிடம் கரைந்துவிடும். ஈரோட்டிலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ வரும் கல்லூரி மாணவர் தாம் எழுதிய உலாவி நீட்சியைப் பக்கத்து இருக்கைக்காரரிடம் தமிழில் அருமையாக விளக்குவார். மேடையில் ஏறியதும் ஆங்கிலத்துக்குத் தாவி, சொல்ல வந்ததில் பாதியை விழுங்கிவிடுவார். தொழில்நுட்பச் சொற்கள் ஆங்கிலத்திலும் பேச்சு தமிழிலும் இருந்தால் போதும் என்று காஞ்சி லினக்ஸ் பயனர் குழு தன் கூட்டங்களில் ஆண்டுக்கணக்காக நடத்திக் காட்டிவருகிறது. பெரிய மாநாடுகள் முழு நாளும் அப்படி நடக்க முடியாதுதான். மாலை ஒரு மணி நேரத்தில் எந்த மொழியிலும் பேசலாம் என்று பலகையில் ஒரு வரி எழுத என்ன செலவாகும்?

அமைப்பாளர்களிடம் கேட்பதற்கு மூன்று காரியங்கள்தான். பெயர்ப் பலகையை அன்று காலை திறங்கள். கேபிள் இரண்டு வையுங்கள். பதிவை வெட்டி, பேசியவர் பெயரோடு தனித்தனியாக ஏற்றுங்கள். ஒரு தன்னார்வலருக்கு ஒரு மாலை வேலை அது. பேச விஷயம் வைத்திருக்கிறவர்களிடம் கேட்பது ஒன்றே. அடுத்த மாநாட்டுக்குப் போனால் பலகை எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள், முதல் தேநீர் இடைவேளைக்குள் பெயரை எழுதிவிடுங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போனால் இடம் இருக்காது.